உறைகடலில் ஓதமானி தவறாகக் காட்டுகிறதா? அறிகுறியைப் பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

வெயில் கடற்கரையில் ஓதமானி, அதாவது கடல் மட்டத்தின் ஏற்ற இறக்கத்தை அளக்கும் கருவி, கோளாறானால் மறுநாள் காலை ஏணி வைத்து ஏறிப் பார்த்துவிடலாம். வடக்கு அலாஸ்காவிலோ அண்டார்க்டிகாவிலோ அப்படி முடியாது. உணரிக்கு மேல் ஒன்றரை மீட்டர் கடற்பனி கிடக்கும். அடுத்த கப்பல் வரப் பல மாதங்கள் ஆகும். அங்கே பிழை தேடும் வேலை பெரும்பாலும் மேசையில், எண்களை வைத்தே நடக்கிறது. அந்த எண்களில் திரும்பத் திரும்பத் தென்படும் அறிகுறிகளை இங்கே எழுதுகிறேன். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணம் முதலில் வரும், கப்பலும் முக்குளிப்பவரும் தேவைப்படுவது கடைசியில்.

விசித்திரமான எண் வந்தவுடன் கருவியைச் சந்தேகிப்பது எளிது. ஆனால் துருவக் கடலில் பனியும் காற்றழுத்தமும் ஆற்று வெள்ளமும் அதே எண்ணை உண்மையாகவே தரக்கூடும். எனவே எதையும் திருத்துமுன் நான்கு பொருள்களைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: எவரும் கைவைக்காத மூலப் பதிவு, அதே இடத்துக் காற்றழுத்தப் பதிவு, ஓத முன்கணிப்பு, பராமரிப்புக் குறிப்பேடு. அளந்த மட்டத்திலிருந்து கணித்த ஓதத்தைக் கழித்தால் எஞ்சுவதைக் கீழே 'மீதம்' என்கிறேன். புயல் எழுச்சி, அதாவது புயலால் கடல் மட்டம் உயர்வது, இந்த மீதத்தில்தான் தெரியும். உங்கள் அழுத்த உணரி எந்த வகை என்பதும் தெரிந்திருக்க வேண்டும். மொத்த அழுத்தத்தை அளப்பது ஒரு வகை. மெல்லிய காற்றுக்குழாய் வழியாக வெளிக்காற்றைத் தானே கழித்துக்கொள்வது இன்னொரு வகை. குறிப்பேட்டில் இல்லையென்றால் கருவியின் தொடர் எண்ணைத் தந்து தயாரிப்பாளரிடம் கேளுங்கள். இது தெரியாமல் அடுத்த பகுதியைக் கடக்க முடியாது.

அறிகுறி 1: புயல் அடித்தது, கரையில் தண்ணீர் ஏறியது, பதிவில் எழுச்சியைக் காணோம் (அல்லது இரு மடங்காக இருக்கிறது)

உறைகடல் ஓதமானிகளில் மிக அதிகமாக வருவதும், மிகத் தாமதமாகக் கண்டுபிடிக்கப்படுவதும் இந்தப் பிழைதான். அமைதியான நாள்களில் எல்லாமே சரியாகத் தெரியும். தேவைப்படும் நாளில் மட்டும் பதிவு பொய் சொல்லும்.

காற்றழுத்தம் 1 ஹெக்டோபாஸ்கல் குறைந்தால் கடல் மட்டம் ஏறத்தாழ 1 செ.மீ. உயரும். 2022 செப்டம்பரில் மெர்போக் சூறாவளியின் எச்சம் பெரிங் கடலுக்குள் நுழைந்து மேற்கு அலாஸ்காவின் கடலோர ஊர்களை மூழ்கடித்தபோது அதன் மைய அழுத்தம் 940 ஹெக்டோபாஸ்கலுக்கும் கீழே இறங்கியிருந்தது. அந்த மையத்தின் அடியில் காற்றின் உந்துதலைச் சேர்க்காமலேயே 70 செ.மீ.க்கு மேல் நீர் உயரும். இப்போது மொத்த அழுத்தத்தை அளக்கும் உணரி கடலடியில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மேலே காற்று 70 குறைகிறது, தண்ணீர் 70 கூடுகிறது. உணரிக்குத் தெரியும் மாற்றம் சுழி. காற்றழுத்தத்தைக் கழிக்காமல் மட்டத்தைக் கணக்கிட்டால், எழுச்சியின் இந்தப் பங்கு முழுவதும் பதிவிலிருந்து காணாமல் போய்விடும்.

*முதல் சோதனை, செலவில்லை.* பனி மூடிய, பெருங்காற்று இல்லாத சில வாரங்களை எடுத்துக்கொண்டு மீதத்தையும் காற்றழுத்தத்தையும் எதிரெதிர் அச்சில் வரையுங்கள். புள்ளிகளின் சாய்வைப் பாருங்கள்.

– சாய்வு ஹெக்டோபாஸ்கலுக்கு −1 செ.மீ. அருகே: கணக்கு சரி. காற்றின் விளைவு கலப்பதால் சற்று முன்பின் இருக்கும். அறிகுறி 2க்குப் போங்கள்.

– சாய்வு சுழி அருகே: காற்றழுத்தம் கழிக்கப்படவில்லை. மொத்த அழுத்த வகை என்றால் கணக்கீட்டு நிரலில் அந்தப் படி விடுபட்டிருக்கும், அல்லது காற்றழுத்தத்தை அளக்கும் பாரமானியின் கோப்பு வராமல் நிரல் ஒரு நிலையான 1013 ஹெக்டோபாஸ்கலைப் போட்டுக்கொண்டிருக்கும். காற்றுக்குழாய் வகை என்றால் குழாயின் வாய் உறைந்து அடைத்திருக்கிறது. வெளிக்காற்று உள்ளே போகாததால் உணரி இப்போது மொத்த அழுத்த வகையாகவே நடந்துகொள்கிறது.

– சாய்வு −2 அருகே: இருமுறை கழித்திருக்கிறீர்கள். உணரி தானே கழித்துக்கொள்ளும் வகை; அதை அறியாமல் நிரலும் கழிக்கிறது. கருவியை மாற்றிய பிறகு நிரலை மாற்ற மறந்த நிலையங்களில் இதைப் பார்க்கலாம். மீட்பு எளிது: மூலப் பதிவு இருந்தால் பழைய ஆண்டுகளைக்கூட மறுபடி கணக்கிட்டுவிடலாம். இல்லாவிட்டால் இல்லை.

*இரண்டாவது, பாரமானி.* சாய்வு சரியாக இருந்தும் பலத்த காற்றில் மட்டும் மீதம் தள்ளாடினால் பாரமானியின் காற்றுத்துளையைப் பாருங்கள். துளையின் மேல் உறைபனி படிந்தாலோ, காற்று நேராக அடித்தாலோ அளவு கெடும். அருகிலுள்ள விமானத்தள வானிலைப் பதிவோடு ஒப்பிடுங்கள். ஆனால் விமானத்தளம் தரும் எண் பெரும்பாலும் கடல் மட்டத்துக்குக் கொண்டுவந்து திருத்தியது. உங்கள் பாரமானி 50 மீட்டர் உயரக் கட்டடத்தில் இருந்தால் இரண்டுக்கும் ஏறத்தாழ 6 ஹெக்டோபாஸ்கல் வேறுபாடு இருப்பது இயல்பு. அந்த வேறுபாடு ஏறக்குறைய நிலையாக நின்றால் பாரமானி நலம்.

*மூன்றாவது, குழாய்.* காற்றுக்குழாயின் முனையில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் நிறம் மாறியிருக்கிறதா? மாற்றுங்கள். குழாய்க்குள் பனி இருந்தால் வெந்நீரை ஊற்றாதீர்கள், அதுவே கீழே போய் மறுபடி உறையும். வறண்ட நைட்ரஜனை மெல்லிய அழுத்தத்தில் செலுத்த வேண்டும். அதற்கு முன் உணரியைக் குழாயிலிருந்து கழற்றிவிட வேண்டும். கழற்ற முடியாத அமைப்பு என்றால் நிறுத்திக்கொண்டு தயாரிப்பாளரின் தொழில்நுட்பரை அழையுங்கள். உணரிக்குள் அழுத்தத்தை வாங்கும் மெல்லிய தகடான உதரவிதானம் ஒருமுறை வளைந்துவிட்டால் அளவீட்டுத் துல்லியம் போய்விடும்.

அறிகுறி 2: வரைகோடு தட்டையாகக் கிடக்கிறது

முதலில் அச்சின் அளவைப் பெரிதாக்கிப் பாருங்கள். அலாஸ்காவின் வடகரையில் ப்ரூடோ விரிகுடாவில் ஓதத்தின் வீச்சே (உயர்நீருக்கும் தாழ்நீருக்கும் உள்ள வேறுபாடு) 20 செ.மீ. அளவுதான். ஐந்து மீட்டர் அச்சில் வரைந்தால் நலமான கருவியும் செத்ததுபோல் தெரியும்.

பெரிதாக்கியும் தட்டையா? கடைசி தசம இலக்கத்தைக் கவனியுங்கள்.

*இலக்கம் கொஞ்சமும் மாறவில்லை என்றால்* அளவீடு நின்றுவிட்டது. பதிவுக் கருவி பழைய எண்ணையே திருப்பி அனுப்புகிறது. தொலைவிலிருந்து மறுதொடக்கம் செய்யுங்கள். அதன் பிறகும் அதே எண் வந்தால் கேபிள் இணைப்பைச் சோதியுங்கள். கரைக்கும் பனிக்கும் இடையில் கேபிள் செல்லும் இடத்தில்தான் அது பெரும்பாலும் அறுபடுகிறது. ஓதத்தோடு பனித்தகடு ஏறி இறங்கும்போது கரையோரம் உண்டாகும் வெடிப்பு நாளொன்றுக்குப் பலமுறை கேபிளைக் கத்தரிக்கிறது.

*இலக்கம் மெல்ல அசைகிறது, ஓதம் மட்டும் இல்லை என்றால்* உணரி உயிரோடு இருக்கிறது, ஆனால் கடலைப் பார்க்கவில்லை. இதில் கருவிக்கு ஏற்ப வழி பிரிகிறது.

மிதவைக் கிணறு (கடலோடு இணைந்த குழாய்க்குள் மிதவை ஏறி இறங்கி மட்டத்தைக் காட்டுவது): கிணற்றுக்குள் நீர்ப்பரப்பு உறைந்து மிதவை ஒட்டிக்கொண்டது. வெப்பமூட்டியின் மின்சாரத்தைப் பாருங்கள். சில இடங்களில் உறையாதிருக்கக் கிணற்றில் எண்ணெய் ஊற்றும் பழைய வழக்கம் இருந்தது. மண்ணெண்ணெய் நீரைவிட இலகு என்பதால் ஒரு மீட்டர் எண்ணெய் நின்றால் உள்மட்டம் 20 செ.மீ.க்குச் சற்று மேல் உயர்ந்து காட்டும். அதோடு, கசிந்தால் கடல் கெடும். நான் இதைப் பரிந்துரைப்பதில்லை.

ரேடார் (மேலிருந்து அலையனுப்பி நீர்ப்பரப்பின் தொலைவை அளப்பது): கீழே நீர் இல்லை, தூண்களைக் கட்டிப் பிடித்து அசையாமல் நிற்கும் பனி. ரேடார் நேர்மையாக அந்தப் பனியின் தொலைவைச் சொல்கிறது. நிலையத்தில் ஆள் இருந்தால் அந்தப் பனியை வெட்டித் துளையைத் திறந்துவைக்கலாம். இல்லாவிட்டால் பனி உருகும்வரை அந்தப் பதிவை 'பனி' என்று குறியிட்டு ஒதுக்குங்கள், அழிக்க வேண்டாம்.

குமிழி ஓதமானி (நீருக்கடியில் குழாய்வழி வாயுவை வெளிவிட்டு, அதற்குத் தேவைப்படும் அழுத்தத்திலிருந்து மட்டத்தைக் கணிப்பது): வாயு வெளியேறும் கீழ்முனை வண்டலிலோ பனியிலோ அடைபட்டால் மட்டம் உயர்ந்து நிற்கும், குழாயில் கசிவு இருந்தால் தாழ்ந்து நிற்கும். வாயு ஓட்ட அளவையும் உருளையின் மிச்ச அழுத்தத்தையும் பார்த்தால் எது என்று உடனே தெரிந்துவிடும். உருளையில் ஈரக்காற்று நிரப்பியிருந்தால் அந்த ஈரம் குழாயின் குளிர்ந்த பகுதியில் உறையும். வறண்ட நைட்ரஜன் மட்டும்.

கடலடி அழுத்த உணரி: ஆழம் குறைவு. ஓராண்டுக் கடற்பனி ஏறத்தாழ 2 மீட்டர்வரை தடிக்கக்கூடும். அதைவிட ஆழம் குறைந்த கரையில் பனி அடிவரை இறங்கி மண்ணோடு ஒட்டிக்கொள்ளும். மிதக்கும் பனி தன் எடைக்குச் சமமான நீரை விலக்குவதால் அடியிலுள்ள உணரியை ஏமாற்றாது. தரையில் உட்கார்ந்துவிட்ட பனி ஏமாற்றும். இதற்கு நிரல் திருத்தம் கிடையாது. அடுத்த கோடையில் ஆழமான இடத்துக்கு மாற்ற வேண்டும், அது கப்பல் வேலை.

பனியின் மேல் நடந்து துளையிட்டு அளக்கலாமே என்று தோன்றும். பனித் தடிமனை ஒவ்வொரு சில அடிக்கும் அளந்து பழகிய வழிகாட்டி உடன் இல்லாமல் போகாதீர்கள். கரையோர வெடிப்பின் மேல் புதிய வெண்பனி படிந்திருந்தால் கண்ணுக்கு எதுவும் தெரியாது.

அறிகுறி 3: மட்டம் ஒரே நாளில் தாவி, அங்கேயே நின்றுவிட்டது

பராமரிப்புக் குறிப்பேட்டைத் திறந்து அந்தத் தேதியைப் பாருங்கள். கருவியைத் துடைத்தார்கள், உணரியை மாற்றினார்கள், நிரலைப் புதுப்பித்தார்கள் என்று எழுதியிருந்தால் விடை அங்கேயே இருக்கிறது.

குறிப்பு இல்லையென்றால் தாவலுக்கு முன்னும் பின்னும் ஓத வீச்சை ஒப்பிடுங்கள். வீச்சு அதேபோல் இருந்து மட்டம் மட்டும் மாறியிருந்தால் உணரி இடம்பெயர்ந்திருக்கிறது. வீச்சும் மாறியிருந்தால் அளவுக் காரணி கெட்டிருக்கிறது. அது நிரலில் தவறான அலகாகவோ பழுதான உணரியாகவோ இருக்கும். இடம்பெயர்ந்தது என்ற சந்தேகத்தை உணரியின் நீர்வெப்பநிலை உறுதிப்படுத்தும். அதே கணத்தில் வெப்பநிலையும் படியாக மாறியிருந்தால் உணரி வேறு ஆழத்துக்குப் போய்விட்டது.

யார் நகர்த்தியது? ஆர்க்டிக்கில் பெரும்பாலும் கரையேறும் பனிக்குவியல். அண்டார்க்டிகாவில் பனிப்பாறையின் அடிமுனையும், 'நங்கூரப்பனி' எனப்படும் கடலடிப் பனியும். மக்மர்டோ நீரிணையில் இந்தப் பனி ஏறத்தாழ 30 மீட்டர் ஆழம்வரை கடலடியில் படிகிறது. போதுமான அளவு திரண்டதும் கற்களையும் விலங்குகளையும் கருவிகளையும் பற்றிக்கொண்டு மேலே மிதக்கிறது. எடை குறைந்த சட்டத்தில் பொருத்திய உணரியைப் பெரும் எடையோடு கட்டாமல் விட்டால் அதுவும் சேர்ந்து மிதக்கும்.

தாவலைச் சராசரி பார்த்து ஒட்டிவைக்காதீர்கள். அர்ஜென்டைன் தீவுகளில் முன்பு ஃபாரடே என்று பிரிட்டன் நடத்தி, 1996-இல் உக்ரைனுக்குக் கைமாறி வெர்னாட்ஸ்கி ஆன நிலையத்தின் ஓதப் பதிவு 1958-இலிருந்து இருக்கிறது. தென்முனைக் கடலின் உயர்வைப் பற்றிப் பேச அத்தகைய நீண்ட பதிவுகள் வெகு சிலவே. ஒவ்வொரு முறை கருவி மாறும்போதும் கரையிலுள்ள பெஞ்ச்மார்க்கோடு (உயரம் அளந்து பதித்த நிலையான குறி) புதிய சுழியைக் கட்டினால் மட்டுமே இப்படிப்பட்ட பதிவுக்கு மதிப்பு. எனவே தாவல் வந்தால் லெவலிங் (இரு புள்ளிகளின் உயர வேறுபாட்டை அளப்பது) செய்யத் தெரிந்த நில அளவையாளரை அழைப்பது தவிர்க்க முடியாத செலவு. அதுவரை தாவலுக்கு முன்னும் பின்னும் உள்ள பகுதிகளைத் தனித்தனித் தொடராக வையுங்கள்.

அறிகுறி 4: மட்டம் மாதக்கணக்கில் மெல்ல நகர்கிறது

*குளிர்காலம் முழுதும் ரேடார் மட்டும் மெல்ல உயர்கிறது, அடியிலுள்ள அழுத்த உணரி உயரவில்லை.* பழுது இல்லை. ரேடார் பார்ப்பது பனியின் மேற்பரப்பு. ஒரு மீட்டர் பனியில் ஏறத்தாழ 10 செ.மீ. நீருக்கு மேல் நிற்கும், அதன்மேல் வெண்பனியும் சேரும். இரண்டு கருவிகளும் இருந்தால் இந்த இடைவெளியே பனியின் வளர்ச்சியைச் சொல்லும் நல்ல தகவல். தூக்கி எறிய வேண்டாம்.

*உருகும் பருவத்தில் அழுத்த உணரி தாழ்கிறது.* கனடாவின் மெக்கன்சி போன்ற பேராற்றின் வாயிலோ பனியாறு உருகும் குடாவிலோ நன்னீர் மேலே பரவுகிறது. நிரல் கனமீட்டருக்கு 1025 கிலோ என்ற உப்புநீர் அடர்த்தியையே வைத்துக் கணக்கிடுகிறது. 10 மீட்டர் நீரில் சராசரி அடர்த்தி 1015 ஆகிவிட்டால் பிழை ஏறத்தாழ 10 செ.மீ.; நிரல் மட்டத்தைக் குறைத்தே சொல்லும். அருகில் வெப்பநிலையும் உப்பளவும் அளக்கும் மிதவைத் தொடர் இருந்தால் அந்த எண்களைப் பயன்படுத்துங்கள். ஸ்வால்பார்டில் நார்வேயின் நி-ஒலேசுண்ட் ஓதமானி இருக்கும் கோங்ஸ்ஃபியோர்டன் குடாவில் 2014 முதல் இந்தியாவின் இண்டார்க் தொடர் இயங்கியிருக்கிறது. சென்னைப் பள்ளிக்கரணையிலுள்ள தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனம் அதில் பங்கெடுத்தது. அப்படி எதுவும் அருகில் இல்லாவிட்டால் பனியிலிட்ட துளை வழியாக மாதம் ஒருமுறை உப்பளவு எடுப்பதே போதும்.

*ஆண்டுதோறும் ஒரே திசையில்.* கருவி ஏறுகிறதா, நிலம் ஏறுகிறதா என்று பிரித்தறிய வேண்டும். உறைநிலத்தில் அடித்த தூண் ஒவ்வொரு குளிர்காலத்திலும் மேலே தள்ளப்படலாம். பாறையில் பதித்த பெஞ்ச்மார்க்கோடு லெவலிங் செய்தால் பிடிபடும். பாறையே உயர்ந்தால் பக்கத்தில் நிரந்தர ஜிபிஎஸ் வேண்டும். கனடாவின் சர்ச்சிலில் பனியுகப் பனியின் பாரம் நீங்கியதால் நிலம் இன்னும் எழுந்துகொண்டிருக்கிறது. ஓதமானி காட்டும் கடல் மட்டம் ஆண்டுக்கு ஏறத்தாழ 1 செ.மீ. இறங்குகிறது. அதைச் 'சரிசெய்யும்' ஆர்வம் வேண்டாம். தூணும் பாறையும் அசையவில்லை, அடர்த்தியும் சரி என்றால்தான் உணரியின் சொந்த நழுவல். அளவீட்டு ஆய்வகத்துக்கு அனுப்புங்கள்.

அறிகுறி 5: ஓதம் முன்கூட்டியோ தாமதித்தோ வருகிறது

சரியாக ஒரு மணிநேரமா? உள்ளூர் நேரம், கோடைநேரம், உலகப் பொது நேரம் ஆகியவற்றில் குழப்பம். நாளுக்கு நாள் கூடும் தாமதமா? குளிரில் பதிவுக் கருவியின் கடிகாரம் நழுவுகிறது. 12 மணி 25 நிமிடத்துக்கு ஒருமுறை வரும் முதன்மை அரைநாள் ஓதத்தில் ஒரு மணிநேரப் பிழை 29 டிகிரிக் கட்டப் பிழை ஆகிறது (ஒரு முழுச் சுழற்சி 360 டிகிரி; அதில் ஓதம் இருக்கும் இடமே கட்டம்). பத்து நிமிடமே ஏறத்தாழ 5 டிகிரி. மாதவாரியாக ஓத ஆய்வு செய்து கட்டத்தை வரைந்தால் கடிகார நழுவல் நேர்கோடாகத் தெரியும்.

நேர்கோடாக இல்லாமல், பனிக்காலத்தில் வீச்சு குறைந்து கட்டம் மாறி, பனி போனதும் பழைய நிலைக்குத் திரும்புகிறதா? கடிகாரத்தைத் தொடாதீர்கள். ஹட்சன் விரிகுடாவில் பனியின் உராய்வு ஓதத்தையே மாற்றுகிறது, பதிவில் தெரிவது உண்மையான கடல்.

அறிகுறி 6: தரவே வரவில்லை

பெரும்பாலும் மின்சாரம். துருவ இரவில் சூரியத் தகடு எதுவும் தராது. ஈய-அமில பேட்டரி முழுதாக இறங்கிவிட்டால் −10 டிகிரி அளவிலேயே உறைந்து உறை பிளந்துவிடும். முழு மின்னேற்றத்தோடு இருந்தால் ஏறத்தாழ −60 டிகிரிவரை உறையாது. அடுத்து ஆன்டெனா: உறைபனி படிந்திருக்கிறதா, காற்றில் சாய்ந்ததா. நிலநடுக்கோட்டுக்கு மேல் ஒரே இடத்தில் நிற்கும் புவிநிலைச் செயற்கைக்கோள் இந்த அட்சரேகைகளில் அடிவானத்தை ஒட்டித் தெரிவதால் கொஞ்சம் திசை பிசகினாலும் தொடர்பு அறும். துருவங்களுக்கு மேலும் சுற்றிவரும் இரிடியம் செயற்கைக்கோள்களோடு பேசும் மோடத்துக்கு அந்தத் தொல்லை இல்லை. மின்சாரம் இருந்து தொடர்பு மட்டும் அறுந்திருந்தால் பதிவுக் கருவி உள்ளே எழுதிக்கொண்டுதான் இருக்கும் என்பதால் பதற்றம் வேண்டாம்.

அறிகுறி 7: புயலின் நடுவே நம்ப முடியாத உயரம், அல்லது உச்சியில் ஓட்டை

ஓட்டை என்றால் முதலில் தரக்கட்டுப்பாட்டு நிரலைச் சந்தேகியுங்கள். அலாஸ்காவுக்கும் கனடாவுக்கும் வடக்கேயுள்ள போஃபர்ட் கடலோரத்தில் ஓதம் கணுக்கால் அளவு; எழுச்சி ஆளை மூழ்கடிக்கும் அளவு. 1970 செப்டம்பரில் டுக்டோயக்டுக் கரையில் கடல் 2 மீட்டருக்கு மேல் ஏறியது. 1999 செப்டம்பரில் மெக்கன்சிக் கழிமுகத்தின் வெளிப்பகுதியை உப்புநீர் மூடி, அங்கிருந்த புதர்கள் பரவலாகக் கருகின. அமைதிக்கால வீச்சை வைத்து வரம்பு நிர்ணயித்த நிரல் இப்படிப்பட்ட உச்சியைப் 'பிழை' என்று அழித்துவிடும். அழித்தது நிரல்தான் என்றால் மூலப் பதிவில் அந்த எண்கள் இருக்கும். வரம்பைத் தளர்த்துங்கள், அல்லது அழிப்பதற்குப் பதில் குறியிடும்படி மாற்றுங்கள். நிலத்திலிருந்து கடல்நோக்கி அடிக்கும் காற்றில் மட்டம் அதே அளவு தாழவும் கூடும் என்பதால் கீழ் வரம்பையும் பாருங்கள்.

உச்சி வெட்டியதுபோல் தட்டையாக இருந்தால் நீர் ரேடாரின் குறைந்தபட்ச அளவீட்டுத் தொலைவுக்குள் ஏறிவிட்டது, அல்லது உணரியின் அழுத்த வரம்பு முடிந்துவிட்டது. அந்த உண்மையான உயரம் பதிவில் கிடைக்காது. ஆனால் கரையில் கிடைக்கும்: புயல் ஓய்ந்ததும் அலை ஒதுக்கிய மரக்கட்டைகளும் குப்பையும் கிடக்கும் கோட்டைப் படமெடுத்துக் குறியிட்டு, அடுத்த புயலோ பனியோ கலைப்பதற்குள் பெஞ்ச்மார்க்கிலிருந்து லெவலிங் செய்துவிட வேண்டும். அந்தக் கோட்டில் அலை மேலேறிய உயரமும் சேர்ந்திருக்கும் என்பதால், நீர் மட்டும் நின்ற தடம் கட்டடச் சுவரின் உட்புறத்தில் இருக்கிறதா என்றும் தேடுங்கள். ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டால் எந்த வீட்டுப் படிவரை வந்தது என்று காட்டுவார்கள். அது அளக்கத்தக்க புள்ளி.

ரேடாரை உயர்த்திக் கட்டுவது கட்டுமானப் பொறியாளரின் வேலை. கரைப்பனி தள்ளும் விசையைத் தாங்கும் தூணா என்று அவர் கணக்கிட்டுச் சொல்லும்வரை பழைய சட்டத்தில் கூடுதல் கம்பியைப் பற்றவைத்து உயர்த்த வேண்டாம்.